ஜன்னலடித் தோடை மரம்

அலவி முதலாளிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இரண்டே இரண்டுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒன்று, தன்னுடைய எடை. மற்றது என்னவென்று அவருக்கு இன்னும் தெரிய வரவில்லை. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிற மனிதருக்கு இந்த அளவுக்காவது நம்பிக்கை வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழைக்கே சாயம் விடுகிற சீத்தைத் துணியை, “உங்க பேத்தி கட்டினாலும் இதே நெறம்தான்” என்று முகம் மாறாமல் எப்படி விற்பது?

அந்த நம்பிக்கை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் அவர் அன்றைக்கு ஸ்பிரிங்வெளிப் பாதையோரத்துத் தோடந்தோட்டத்தில், அதாவது ஆரஞ்சுத் தோட்டத்தில், வண்டியை விட்டு இறங்கி, பூச்சி ஐயாவின் முன்னால் போய் நின்றார்.

பூச்சி ஐயா என்றால் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைப் பார்த்துச் சொல்ல அரசாங்கம் வைத்திருக்கிற உத்தியோகத்தர். பெயர் செல்வநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ மழையோ குடையை மடக்காத ஒல்லியான மனிதர். அவர் ஒரு தோடை இலையைக் கிள்ளித் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மேல்பக்கம் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டது மாதிரிக் கரி படிந்து பிசுபிசுத்தது.

“முதலாளி, மறைக்காமல் சொல்லிப்போடுறன். இது மாப்பூச்சி. மரத்தின்ர சாறு முழுக்க உறிஞ்சிப்போடும். இப்பிடியே விட்டால் கீழ இருக்கிற மற்றத் தோட்டங்களுக்கும் இறங்கும். காய் பழுக்கிறதுக்கு முந்தி நான் திரும்பி வருவன். அப்பவும் இதே கோலம் எண்டால், எல்லாத்தையும் வெட்டி எரிக்கச் சொல்லுறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை.”

“ஐயா, நீங்க திரும்பி வரும்போது இந்தத் தோட்டத்துல வெள்ளையா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்” என்றார் அலவி. “என்ட தொப்பி.”

பூச்சி ஐயா தொப்பியை ஒரு தரம் பார்த்தார். குடையோடு போய்விட்டார்.

தோட்டம் அலவியுடையது அல்ல, தங்கச்சி ஜெனீராவுடையது. அவளுடைய மாப்பிள்ளை இப்றாஹீம் ஒவ்வொரு கன்றாகக் கொண்டுவந்து நட்டு, குழந்தைக்குப் பால் கொடுப்பதுபோலத் தண்ணி ஊற்றி வளர்த்த மரங்கள். போன மாதம் காய்ச்சலில் இப்றாஹீம் மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. இனி அவளுக்குச் சோறு போட வேண்டியவை இந்த மரங்கள்தான். பதுளைக்கு வந்து தன் வீட்டிலேயே இருந்துவிடும்படி அலவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “உங்க வீட்டுல நான் விருந்தாளி நானா. இங்க நான் மொதலாளி” என்றாள், அண்ணனை ‘நானா’ என்றே கூப்பிடுகிற அவள். மரங்கள் எரிந்தால் அந்த வார்த்தையும் சேர்ந்து எரிந்துபோகும் என்பது அலவிக்குத் தெரியும்.

அவள் இப்போது இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த பெண் அதற்குரிய மாதங்கள் முடியும்வரை வாசல்படி இறங்க மாட்டாள், அந்நிய ஆண்கள் கண்ணில் பட மாட்டாள். தோட்டம் முழுக்க வீட்டின் பின்பக்கம். அவளுடைய அறை ஜன்னலுக்குத் தெரிவது ஒரே ஒரு மரம். சுவரோடு சுவராக நிற்கிற அந்த மரத்தின் கிளைகள் ஜன்னல் கம்பிக்குள் கை நீட்டும்.

“போயிட்டாரா அந்தாள்?” என்றாள் ஜெனீரா ஜன்னலுக்கு உள்ளே இருந்து.

“போயிட்டார். நீ பயப்படாத தங்கச்சி. நானா இருக்கன்.”

“அதான் பயம்.”

“என்ன பேச்சு இது?”

“பூச்சியில உங்களுக்குத் தெரிஞ்சது பட்டுச் சேலையில ஓட்டை போடுற பூச்சி மட்டும்தானே?”

“அது போதும். சேலையத் திங்கிறதும் பூச்சி, மரத்தத் திங்கிறதும் பூச்சி. எல்லாத்துக்கும் கண்ணுதான் வேணும்.” இடுப்புவாரில் இருந்து ஒரு பித்தளைக் கண்ணாடியை எடுத்து விரித்தார். துணியின் மேல் வைத்துக் குனிந்து, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுகிற கண்ணாடி அது. கொழும்புச் செட்டிமார் தரமென்று சொல்லித் தள்ளுகிற துணியை அது பல தடவை காட்டிக்கொடுத்திருக்கிறது.

“இழை எண்ணுற கண்ணாடிய வச்சுப் பூச்சி எண்ணப் போறீங்களா?”

“நான் எதையும் கண்ணாடி வச்சுப் பாத்துட்டுத்தான் நம்புவன்” என்றார் அலவி. அப்போது அவருக்கு அது பெருமையான வாக்கியமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பதுளைத் துணிக்கடைக்காரனுக்கு வாரம் முழுவதும் காத்திருந்த நாள். தேயிலைத் தோட்டங்களில் இருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்து சாமான் வாங்குவார்கள். அந்த நாள் பார்த்துக் கடையை வேலைக்காரர்கள் கையில் விட்டுவிட்டு மாட்டுவண்டி ஏறுகிற அலவியை அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், மனிதருக்குத் தலையில் அடி ஏதும் பட்டதோ என்கிற மாதிரிப் பார்த்தார்கள். “கொஞ்சம் காத்து வாங்கப் போறன்” என்றார் அவர். தங்கச்சிக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. அது அவருடைய வியாபாரத்துக்கு ஆகாத முகம்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களை மாயழகு கங்காணி கூட்டிக்கொண்டு வந்தார். வாரம் முழுக்கத் தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துத் தட்டையாக்குகிறவர்களுக்குத் தோடை மரத்துப் பூச்சி பிடிப்பது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு.

அலவி முதலில் தான் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இலையின் அடியில் இரண்டு அளவில் பூச்சிகள் தெரிந்தன. சின்னது, மாவில் புரட்டி எடுத்ததுபோல, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு பெரிசு. சின்னதைப்போல மூன்று மடங்கு நீளம். உடம்பைச் சுற்றி வெள்ளைக் குஞ்சம் தொங்கத் தொங்க அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நிறம், ஒரே மாவு. துணிக்கடைக்காரனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே தறியில் நெய்ததுதான். ஒன்று கைக்குட்டை, மற்றது குஞ்சம் வைத்த போர்வை.

“பாத்தீங்களா கங்காணி? சின்னது குட்டி. இந்தக் குஞ்சம் வச்ச பெரிசுதான் தாய். மொதல்ல தாயப் புடிங்க. பொறகு குட்டி எங்கேருந்து வரும்?”

மாயழகு குனிந்து பார்த்தார். “ஆமாங்க மொதலாளி. குட்டியெல்லாம் அசையாம உக்காந்து திங்குது. தாய்தான் ஓடியாடித் திரியுது. நம்ம லயத்து வீடுகள்லயும் அப்பிடித்தாங்க.”

ஆட்கள் சிரித்தார்கள். ஆளுக்கொரு டின், அதில் சவர்க்காரத் தண்ணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு எதையும் நிறை பார்த்தே பழக்கம். கூடை கனத்தால்தான் கங்காணி முகம் மலரும். கைக்குட்டைகளைப் பிடித்து ஒரு டின் எப்போது நிறைவது? குஞ்சம் வைத்ததுகளை ஓட ஓடத் துரத்திப் பிடித்துப் போட்டார்கள். யாருடைய டின் மேல்வரை வெள்ளையாக மிதக்கிறதோ, அவனுக்கு அலவி கைதட்டினார். கைதட்ட ஆள் இருந்தால் யார்தான் சின்னதைப் பொறுக்குவார்கள்?

“அந்த ஜன்னலடி மரத்த என்னங்க செய்யிறது?” என்று மாயழகு கேட்டார்.

“அந்தப் பக்கம் யாரும் போக வேணாம். தங்கச்சி இத்தாவுல இருக்கா. அத நானே பாத்துக்கிறன்.”

பார்த்துக்கொள்ளத்தான் போனார். மரத்தடிக்குப் போய்க் கையைத் தூக்கியதும் ஒரு முள் தொப்பியைப் பறித்துக்கொண்டது. தொப்பியை எடுக்கப் போக இன்னொரு முள் சட்டைக் கையைப் பிடித்தது. தோடை மரத்துக்கு வயிறு பெருத்த மனிதர்களைப் பிடிக்காது என்று முடிவு கட்டி, அடுத்த ஞாயிறு ஆகட்டும் என்று திரும்பிவிட்டார். அந்த அடுத்த ஞாயிறும் அடுத்த ஞாயிற்றுக்குப் போயிற்று.

கச்சான் காற்று வறட்டியெடுத்தது. டின்கள் நிறைந்தன. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்க்கும்போது மரங்கள் போன ஞாயிறைவிட வெள்ளையாக இருந்தன. இலைகள் கறுத்துச் சுருண்டன. பச்சைக் காய்கள் பிசுக்கோடு உதிர்ந்து காலில் ஒட்டின.

“மொதலாளி, நாம புடிக்கப் புடிக்க இது கூடுதுங்களே” என்றார் மாயழகு.

“தாய் செத்த தவிப்புல குட்டியெல்லாம் வெளிய வந்து நிக்குதுங்க, கங்காணி. அவ்வளவுதான். விடாமப் புடிங்க.”

சொன்னார்.  ஆனால் திரும்பிப் போகும் வழியில் வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு ‘டக்’கும் அவருக்குக் கோடாலி மரத்தில் விழுகிற மாதிரிக் கேட்டது.

இப்படிப் போன ஒரு ஞாயிறில்தான் ஜெனீரா ஜன்னலில் இருந்து கூப்பிட்டாள்.

“நானா, என்ட மரத்துக்கு என்ன செஞ்சீங்க?”

அலவிக்கு முகம் செத்துப்போயிற்று. “ஏச வேணாம் ஜெனீ. இன்னைக்கு எப்பிடியும் ஏறிடுவன்...”

“நான் ஏசல்லயே. நல்லா வந்திருக்கு. அதான் கேட்டன்.”

அவர் சுற்றிக்கொண்டு ஜன்னலடிக்கு ஓடினார். ஓடினார் என்றால், அவரால் முடிந்த அளவுக்கு. மரம் கொழுந்து விட்டிருந்தது. பழைய இலைகளில் கரிப்படலம் காய்ந்து உரிந்து, அடியில் பச்சை தெரிந்தது. காய்கள் கிளையில் இறுக்கமாக நின்றன. பின்பக்கத்தில் அத்தனை மரமும் சாகக் கிடக்கும்போது இது மட்டும் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல நிற்கிறது.

“விடியச் சுபஹு தொழுதுட்டு நாளாந்தம் குர்ஆன்ல யாசீன் ஓதி மரத்துக்கு ஊதுறன்” என்றாள் ஜெனீரா அடக்கமாக.

“அல்லாஹ் ஏத்துக்கிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனா தங்கச்சி, மத்த மரத்துக்கும் சேத்து ஓதியிருக்கலாமே?”

“மத்த மரம் எனக்குத் தெரியலியே. தெரியாத மரத்துக்கு எப்பிடி ஊதுறது?”

அலவி யோசித்தார். அல்லாஹ்வுக்கு ஜன்னல் தேவையில்லை. அப்படியானால் அவன் இந்த மரத்துக்கு ஏதோ ஒரு வழியாகத்தான் கொடுத்திருக்கிறான். அந்த வழி எது?

“நீ இத நாளெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு.”

“பாக்கிறதத் தவிர எனக்கு இங்க என்ன வேலை? மொதல்ல அந்தக் குஞ்சம் வச்ச பெரிசுங்க நெறைய வந்துச்சு. பாக்கவே அருவருப்பு. எப்ப வந்து புடிப்பீங்க, எப்ப வந்து புடிப்பீங்கன்னு இருந்தன். நீங்க முள்ளுக்குப் பயந்துக்கிட்டு வரல்ல. பொறகு பாத்தா சின்னதெல்லாம் கொறஞ்சு போச்சு. பெரிசுங்க சுவரோரம், பட்டை இடுக்குன்னு போய் ஒடுங்கிக்கிச்சு. இப்ப அங்கேருந்து கறுப்புக் கறுப்பா, கடுகவிடப் பெரிசா, வண்டுங்க வருது. மேல் கொப்புல மட்டும் இன்னும் குஞ்சம் வச்சது அலையுது.”

அலவி தாழ்ந்த ஒரு கொப்பை இழுத்து, இலையைத் திருப்பிக் கண்ணாடியை வைத்தார். நல்ல காலம், அங்கேயே ஒரு பெரிசு இருந்தது. அது ஓடி ஓடிப் போய்ச் சின்னது ஒன்றின் மேல் தலையை வைத்தது. கொஞ்சுகிறது என்றுதான் முதலில் நினைத்தார். தாய் அல்லவா? பார்த்துக்கொண்டு இருக்கும்போதே சின்னது சுருங்கியது. பஞ்சைப் பிடுங்கிய தலையணை உறைபோல வெறும் தோலாகத் தொங்கியது. பெரிசு அதை விட்டுவிட்டு அடுத்ததிடம் போயிற்று.

விரல் நுனியால் அந்தப் பெரிசின் முதுகைத் தடவினார். சந்தேகமான துணியை அவர் தேய்த்துப் பார்க்கிற மாதிரியே. வெள்ளைக் குஞ்சம் மாவாக விரலோடு வந்துவிட்டது. அடியில் இருந்தது வேறே உடம்பு. சாம்பல் நிறம், நீட்டு நீட்டான கால்கள், வேறே வாய். மேலே போட்டிருந்த கஞ்சி மட்டும்தான் ஒன்று. தறி வேறு.

“ஜெனீ” என்றார் மெதுவாக. “இது தாய் இல்ல.”

“பொறகு?”

“மாமியார்.”

ஜெனீரா சிரித்துவிட்டாள். இப்றாஹீம் போன பிறகு அந்த அறைக்குள் இருந்து வந்த முதல் சிரிப்பு அது. ஆனால் அலவிக்குச் சிரிக்க முடியவில்லை. வாராவாரம் நிறைந்த டின்கள் கண்முன் வரிசையாக வந்தன. மரத்தைக் காப்பாற்ற வந்தவைகளை ஆள் வைத்துப் பிடித்து, மண்ணெண்ணெயில் போட்டு, மேலே கைதட்டல் வேறு. மரத்தடி வேரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முள் குத்தியதுகூடத் தெரியவில்லை.

ஜன்னல் கம்பி வழியாக ஒரு கோப்பைப் பிளேன்ரீ, பால் விடாத தேநீர், வெளியே வந்தது. அதோடு கருப்பட்டித் துண்டு ஒன்று.

“குடிங்க நானா. நீங்க கெட்ட எண்ணத்துல செய்யலியே.”

“நீ ஏசினாத் தாங்குவன் ஜெனீ. இப்பிடிப் பேசாத.”

“சரி. மடையன் வேல பாத்திருக்கீங்க.”

“ஆ, இப்ப சரி” என்று அவர் ரீயை வாங்கிக் குடித்தார். கடைசி மடக்கு இறங்குவதற்குள் நம்பிக்கை திரும்பி வந்துவிட்டது. எலி கடித்த கட்டுத்துணியைக் கைக்குட்டையாக வெட்டி விற்று முடித்தவர் அவர். இது என்ன?

ஆனால் வாயால் சொன்னால் பூச்சி ஐயா நம்புவாரா? அலவி சொன்னதை அலவியே ஒரு தடவை நம்பித்தானே இந்தக் கதி? பதுளையில் இருந்து மெல்லிய மஸ்லின் துணி கொண்டுவந்து இரண்டு பைகள் தைத்தார். பின்பக்கத்தில் படுமோசமான மரம் ஒன்றில் ஒரே மாதிரி வெள்ளை அப்பிய இரண்டு கொப்புகளைத் தேர்ந்தெடுத்தார். ஒன்றை அப்படியே பைக்குள் விட்டுக் கட்டினார். மற்றதன் பைக்குள் ஜன்னலடி மரத்தில் இருந்து எடுத்த குஞ்சக்காரர்களை விட்டுக் கட்டினார். உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது.

“மரத்துக்குக் கோடித் துணி போத்திட்டீங்களே மொதலாளி. போய்ச் சேந்துருச்சுங்களா?” என்றார் மாயழகு.

“பொறுங்க கங்காணி. பொழச்சு எழும்பும்.”

அதற்கடுத்த தடவை வந்து எல்லாரும் பார்க்கப் பைகளை அவிழ்த்தார். முதல் கொப்பில் இலையே தெரியாத அளவுக்கு வெள்ளை. இரண்டாவதில் இலைகள் பச்சை பச்சையாக வெளியே வந்தன. பையின் மூலையில் இரண்டு மூன்று குஞ்சக்காரர்கள் சாப்பாடு போதாமல் அலைந்துகொண்டிருந்தார்கள்.

மாயழகு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இத்தன நாளா நாங்க ஓடி ஓடிப் புடிச்சது?”

“காவக்காரன.”

“அடக் கடவுளே. நீங்க கைதட்டினீங்களே!”

“தட்டினன். இப்ப அதே கையால தலையில அடிச்சுக்கிறன். நீங்களும் ஆளுக்கு ஒண்ணு அடிக்கிறதுன்னா அடிங்க, வரிசையில வாங்க.”

யாரும் அடிக்கவில்லை. ஒருத்தன் மட்டும் வரிசையில் வந்து நிற்பதுபோலப் பாசாங்கு பண்ணினான். டின்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டார்கள்.

அடுத்தது சொல்ல லேசு. ஜன்னலடி மரத்துக் குஞ்சக்காரர்களைப் பிடித்து மற்ற மரங்களில் விடவேண்டும். பின்பக்கத்து மரங்களில் அவற்றின் வம்சமே இல்லை, அவ்வளவு ஒழுங்காக வேலை நடந்திருக்கிறது. ஆனால் இத்தா இருக்கிற ஜன்னலுக்கு முன்னால் அந்நிய ஆண்களை ஏற்ற முடியாது. கூடப்பிறந்த அண்ணன் போகலாம். ஆக, அந்த மலைநாட்டில் அந்த மரத்தில் ஏறத் தகுதியுள்ள ஒரே ஆண் அலவி முதலாளி.

இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மரம் முனகியது, அல்லது அவர் முனகினார். ஜெனீரா உள்ளே இருந்து பாதை சொன்னாள்.

“வலது காலக் கவட்டுல வைங்க. அதில்ல, அதுக்கு மேல. ஆ. இப்ப இடது கையப் பாத்து... முள்ளு இருக்குன்னு சொல்ல வந்தன்.”

“அத முள்ளே சொல்லிருச்சு.”

வீட்டுக்குப் பின்னால் காத்து நின்ற மாயழகு சத்தம் போட்டார். “மொதலாளி, உசிரோட இருக்கீங்களா?”

“பாதி.”

பை பையாக இறக்கினார். ஆட்கள் ஒவ்வொரு மரத்திலும் கொண்டுபோய் மெதுவாகத் தட்டி விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் மரத்தில் கை வைக்கக்கூடாது என்று அலவி உத்தரவு போட்டார். கவ்வாத்து ஆட்களுக்கு ஒரு மரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதைப்போலக் கஷ்டமான வேலை கிடையாது. அலவிக்கு அதைவிடக் கஷ்டம். கண்ணாடியும் கையுமாக இலை இலையாகத் திரிந்தார். எந்த மரத்தில் குஞ்சக்காரர் பெருகுகிறார்கள், எதில் பட்டை இடுக்கில் ஒடுங்கிவிட்டார்கள், எதில் வண்டு வந்து திரும்ப முட்டை வைக்கிறது என்று ஜன்னலடிக்கு வந்து ஜெனீராவிடம் சொல்வார். அவள் தன் மரத்துச் சேதியைச் சொல்வாள். அண்ணனும் தங்கச்சியும் இவ்வளவு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

பூச்சி ஐயா சொன்னபடி வந்தார். ஆனால் கொஞ்சம் முந்தி வந்துவிட்டார். மரங்கள் இன்னும் தேறவில்லை. அதைவிட மோசம், குஞ்சக்காரர்கள் பெருகியிருந்தார்கள். முந்தி இலைக்கு அடியில் ஒளிந்திருந்த வெள்ளை இப்போது கிளையெல்லாம், அடிமரமெல்லாம் பெரிசு பெரிசாக ஓடித் திரிந்தது.

குடைக்கு அடியில் நின்று அவர் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அலவியின் தலையைப் பார்த்தார். தொப்பி மரப்பிசினும் கரியுமாக இருந்தது.

“முதலாளி, உங்கட தொப்பி மட்டும்தான் வெள்ளையா இருக்கும் எண்டு சொன்னியள். இப்ப தொப்பியைத் தவிர மற்ற எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. எனக்கு மனவருத்தம்தான். ஆனால் வெட்டத்தான் வேணும்.”

“இது வேற வெள்ளை ஐயா. இது நம்ம பக்கத்து ஆளுங்க. பூச்சியத் திங்கிற பூச்சி.”

“வெட்டச் சொன்னால் எல்லாரும் ஏதாவது சொல்லுவினம்.”

“ரெண்டு கொப்ப மஸ்லின் பையில கட்டிப் பாத்தன்...”

“கொப்பு வேற, மரம் வேற. இதுகள் ஒரு முழு மரத்தைத் தேற்றினதை எனக்குக் காட்டுங்கோ.”

 அப்படி ஒரு மரம் இருக்கிறது. இருக்கிற இடம்தான் வில்லங்கம். “அந்த ஜன்னலடியில ஒண்ணு இருக்கு ஐயா. ஆனா அங்க உங்களக் கூட்டிட்டுப் போக முடியாது. தங்கச்சி இத்தாவுல இருக்கா.”

“அப்ப நான் என்ன செய்யிறது முதலாளி? பாக்காத மரத்தை நம்பி மற்ற மரங்களை விட ஏலுமே?”

 மாயழகு நிலத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் இருந்து ஜெனீராவின் குரல் வந்தது.

“நானா! ஜன்னல் என்னத்துக்கு இருக்கு? சாத்தத்தானே? நான் சாத்திட்டுக் குசினிக்குப் போறன். நீங்க அவரக் கூட்டிட்டு வாங்க.”

ஜன்னல் கதவு சாத்துகிற சத்தமும், சமையலறைப் பக்கம் போகிற காலடிச் சத்தமும் கேட்டன. வேலை முடிந்தது. இவ்வளவு நாளும் இத்தனை ஆண்கள் அந்த ஜன்னலைச் சுற்றிச் சுற்றி வளைந்து நடந்ததற்கு அவ்வளவுதான் வழி.

செல்வநாயகம் ஜன்னலடி மரத்தின் முன் வந்து நின்றார். புதிய கொழுந்து வெயிலில் மினுங்கியது. காய்கள் மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்தன. அவர் கையை நீட்டினார். அலவி பித்தளைக் கண்ணாடியைக் கொடுத்தார். மேல் கொப்பில் பாக்கியிருந்த ஒரு குஞ்சக்காரனும் மாப்பூச்சிகளும் உள்ள இலையை வளைத்துப் பிடித்தார். பூச்சி ஐயா கண்ணாடிக்குள் போனவர் போனவர்தான். குடை கையை விட்டு விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. அவர் குடையில்லாமல் வெயிலில் நின்றதை மாயழகு அன்றைக்குத்தான் பார்த்தார்.

“எட, பொறிவண்டின்ர புழு!” என்றார் கடைசியில், சின்னப் பையன் குரலில். “வண்டைப் படத்தில பாத்திருக்கிறன். செத்து ஊசியில குத்தினதையும் பாத்திருக்கிறன். இதின்ர புழு மாப்பூச்சியைப்போலவே வேஷம் கட்டிக்கொண்டு திரியும் எண்டு எனக்கு... நான் வேற தோட்டங்களில இதைத்தான் முதல்ல பிடிக்கச் சொன்னனான்.”

“நானும்தான் ஐயா” என்றார் அலவி. ஒரு துணை கிடைத்ததில் அவருக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

“அது சரி, இந்த மரத்தில மட்டும் எப்பிடி முதல்லயே தப்பினது?”

“யாரையும் இந்தப் பக்கம் விடல்ல. இத்தா. நானும் முள்ளுக்குப் பயந்துட்டன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே ஜன்னலைச் சாத்தியிருப்பன்” என்று குசினிப் பக்கம் இருந்து குரல் வந்தது. “எல்லா மரத்தோடயும் இதையும் சுத்தம் பண்ணியிருக்கலாம்.”

அலவி மரத்தை அண்ணாந்து பார்த்தார். அவள் சொன்னது முழு உண்மை. அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த மரத்துக் குஞ்சக்காரர்களும் டின்னுக்குள் போயிருப்பார்கள். பிறகு கோடாலிதான். பெண்களிடம் கேட்காமல் முடிவெடுப்பது நல்லதாக முடிந்த ஒரே சம்பவம் இதுவாக இருக்கும் என்று நினைத்தார். வெளியே சொல்லவில்லை, உயிர் மேல் ஆசை.

செல்வநாயகம் பின்பக்கத்துக்குத் திரும்பிப் போய், மரம் மரமாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். கடைசி மரத்தடியில் நிமிர்ந்தார்.

“வெட்டச் சொல்ல மாட்டன். மரங்கள் நிக்கட்டும். இதுகள் வேலையை முடிச்சுப்போடும்.”

குசினியில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜெனீரா வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றால் அழுகிறாள் என்று அர்த்தம். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். அது வெளியே கேட்டுவிடக்கூடாது என்று அலவி திடீரென்று உரத்த குரலில் பேசத் தொடங்கினார். மஸ்லின் துணியின் ரகங்கள், மான்செஸ்டர் துணிக்கும் மதுரைத் துணிக்கும் உள்ள வித்தியாசம், மாப்பூச்சிக்கும் மாமியாருக்கும் உள்ள வித்தியாசம் என்று மூச்சு விடாமல். பூச்சி ஐயாவுக்கு எதற்கு இந்தப் பிரசங்கம் என்று விளங்கவில்லை. மாயழகுக்கு விளங்கியது. அவரும் சேர்ந்து சத்தமாக, “ஆமாங்க, ஆமாங்க” என்றார்.

உள்ளே மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அலவி பேச்சை நிறுத்தினார்.

“முதலாளி, ஒரு உதவி” என்றார் செல்வநாயகம். “கொஸ்லந்தையில ஒரு தோட்டம் இதே கோலத்தில கிடக்கு. அதையும் வெட்டச் சொல்லத்தான் போறதுக்கிருந்தனான். இதில கொஞ்சம் பிடிச்சுத் தருவியளோ?”

கேட்டு முடிக்கும் முன்னால் அலவி ஜன்னலடியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நானா, ஜன்னல்தான் சாத்தியிருக்கே!” என்றாள் ஜெனீரா. குரல் தேறியிருந்தது. “கங்காணிய ஏறச் சொல்லுங்க. அவர் இளந்தாரி.”

“சும்மா இரு தங்கச்சி. இந்த மரத்துல எந்தக் கொப்பு எந்தப் பக்கம் குத்தும்னு என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?”

ஏறினார். கீழே ஒரு பக்கம் மாயழகு பையை விரித்துப் பிடித்தார், மறுபக்கம் பூச்சி ஐயா. முதல் கவட்டைத் தாண்டியதும் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம்.

“முதலாளி, என்ன அது?” என்று பதறினார் செல்வநாயகம்.

“சாரம்” என்று மேலே இருந்து உறுதியான குரல் வந்தது. “என்ட கடைத் துணி. நூத்துக்கு நூறு அசல். கிழியிற சத்தமே எவ்வளவு சுத்தமாக் கேட்டுச்சு, பாத்தீங்களா? பையத் தூக்கிப் புடிங்க, விடுறன்.”